பறந்ததா? வைமானிக சாஸ்திரத்திலிருந்து பறக்கும் கார் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோவையில் பம்ப் செட் செய்யும் பட்டறை ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தவன். மதம், அற்புதம், பறக்கும் கார் என்று பேச்சு வரும்போதெல்லாம் உறவினரும் நண்பர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மதத்தையும் பறக்கும் காரையும் ஏன் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

இரண்டு இடத்திலும் என்னிடம் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "இது உண்மை. ஆனால் இப்போது காட்ட முடியாது. நம்புகிறவர்களுக்குச் சீக்கிரம் கிடைக்கும். அதுவரை காணிக்கை போடுங்கள்" என்கிறது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் காணிக்கை என்ற இடத்தில் முன்பணம் என்கிறது.

எங்கள் பட்டறையில் மோட்டாரின் நேம் பிளேட்டில் என்ன அடித்திருந்தாலும் சரி, அது டெஸ்ட் பெஞ்சில் ஏறியாக வேண்டும். டெலிவரி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வருவோம். கேஜில் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) எவ்வளவு, தொட்டியில் எத்தனை லிட்டர் விழுந்தது, மீட்டரில் எத்தனை வாட் என்று மூன்றையும் குறிப்போம். முதலாளி தன் கையால் வரைந்த டிசைனுக்கும் அதே பெஞ்சுதான். அதில் அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. சாமியை நம்பி வாழும் மனிதர்களிடம் எனக்கு வழக்கு எதுவும் கிடையாது. ஒரு மடமோ, சபையோ, கம்பெனியோ "இது நடந்தது", "இது பறக்கும்" என்று சொல்லி அதை வைத்து மரியாதையும் பணமும் கேட்கும்போது, பெஞ்சில் ஏற்றிக் காட்டுங்கள் என்று கேட்கிறேன். அவ்வளவுதான்.

வைமானிக சாஸ்திரம் பல்லாயிரம் ஆண்டு பழையது, பரத்வாஜ மகரிஷி எழுதியது என்கிறார்களே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விமானம் கட்டும் முறையைச் சொல்வதாகப் பேசப்படும் இந்த சமஸ்கிருத நூல் நம் கைக்கு வந்த வழி நன்றாகவே தெரியும். சுப்பராய சாஸ்திரி என்பவர் 1866இல் ஓசூர் வட்டாரத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். வறுமையும் நோயும் அலைக்கழிக்க ஊர் ஊராகத் திரிந்து, பின்னால் பெங்களூருக்குப் பக்கத்தில் ஆனேக்கல்லில் தங்கினார். ஞான நிலையில் இருக்கும்போது சுலோகங்கள் தன் வாய்வழியே வருவதாகச் சொன்னார். அப்படி அவர் சொல்லச் சொல்ல வேங்கடாசல சர்மா என்பவர் எழுதிக்கொண்டார். எழுதியது 1918 முதல் 1923 வரை. படங்களைப் போட்டவர் எல்லப்பா. அவர் பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் வரைவாளராக இருந்தவர்.

ஆக, சுவடி எதுவும் இல்லை. ஓலையும் இல்லை, கல்வெட்டும் இல்லை, வேறு நூலின் உரையில் இதன் வரி ஒன்று மேற்கோளாக வருவதும் இல்லை. மைசூரில் சமஸ்கிருத ஆய்வு நிறுவனம் நடத்திய ஜி. ஆர். ஜோசியர்தான் 1950களில் இப்படி ஒரு நூல் இருப்பதாக வெளியுலகுக்கு அறிவித்தார். 1959இல் இந்தியில் அச்சாயிற்று, 1973இல் ஆங்கிலத்தில். அதன் பிறகுதான் "பண்டைய இந்தியாவின் விமான நூல்" என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது.

அந்த விமானங்கள் பறக்குமா? யாராவது சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். செய்தது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வானூர்தி, இயந்திரப் பொறியியல் ஆட்கள். எச். எஸ். முகுந்தாவும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்தது அதன் பொறுமை. சிரித்து ஒதுக்கிவிடாமல் ஒவ்வொரு படத்தையும் எடுத்து, எடை என்ன, காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது, தூக்கும் விசை எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள்.

நூலில் சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்று நான்கு விமானங்கள் விரிவாக வருகின்றன. சகுனம் பறவை மாதிரி இறக்கையும் வாலும் கொண்டது. ருக்மம் கோபுரம் போலக் கூம்பு வடிவம். இவற்றில் ருக்மம் ஒன்றுதான் ஓரளவாவது யோசிக்கத் தக்கது என்பது அவர்கள் கருத்து. மேலே விசிறிகள் காற்றை உறிஞ்சிக் குழாய் வழியாகக் கீழே தள்ளுகின்றன. காற்றைக் கீழே தள்ளினால் நாம் மேலே போவோம் என்ற சங்கதி அதில் இருக்கிறது. மற்றவற்றில் சொன்ன உந்துமுறை பறக்க உதவுவதற்குப் பதிலாகத் தடுக்கத்தான் செய்யும் என்று எழுதினார்கள். நான்கில் ஒன்றுக்கும் பறக்கும் தகுதி இல்லை.

மொழியையும் பார்த்தார்கள். வேத காலத்து சமஸ்கிருதம் அதில் இல்லை, எளிய பிற்கால நடை. படங்களில் தெரியும் இயந்திர உறுப்புகள் நவீன இயந்திரங்களைப் பார்த்த ஒருவர் போட்டவை. நூலின் காலம் 1904க்கு முன்னால் போகாது என்று முடிவு கட்டினார்கள். ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடி பறந்தார்கள். அதற்கு அடுத்த வருடம்தான் இந்த 1904.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஐந்து பேரும் சாஸ்திரியை மோசடிக்காரர் என்று சொல்லவில்லை. அவரை அறிந்தவர்களிடம் விசாரித்து, எளிமையான, ஆசாரமான மனிதர் என்றே எழுதினார்கள். நூல் பிறந்த கதையை மறைத்தும் திரித்தும் அச்சிட்டவர்களைத்தான் குற்றம் சொன்னார்கள். எனக்கும் அதுதான் தோன்றுகிறது. தனக்குள் கேட்டதை ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை எடுத்து ரிஷியின் முத்திரை குத்தி, "கேள்வி கேட்டால் மரபை அவமதிக்கிறாய்" என்று வேலி போட்டது பின்னால் வந்தவர்கள்.

ரைட் சகோதரர்களுக்கு எட்டு வருடம் முன்பே மும்பையில் ஒருவர் பறக்கவிட்டாராமே?

சிவகர் பாபுஜி தல்படேயைச் சொல்கிறார்கள். 1895இல் சௌபாத்தி கடற்கரையில் ஆளில்லாத விமானம் ஒன்றை 1500 அடி உயரத்துக்கு அனுப்பினார் என்பது கதை. ஊரே கூடிப் பார்த்தது என்றும் சொல்கிறார்கள். அப்படி ஊர் கூடிப் பார்த்திருந்தால் மறுநாள் பத்திரிகையில் வந்திருக்கும். அந்த நாளின் பத்திரிகை நறுக்கு ஒன்றைக் கூட யாரும் எடுத்துக் காட்டவில்லை. தல்படே என்ற மனிதர் இருந்தார், விமானத்தில் ஆர்வமாக இருந்தார், அது வரைக்கும் சரி.

அறிவியல் மாநாட்டிலேயே இதைப் படித்தார்களே, அப்படியென்றால் ஆதாரம் இருக்கும்தானே?

2015 ஜனவரியில் மும்பையில் நடந்த 102ஆவது இந்திய அறிவியல் மாநாட்டில் ஆனந்த் போதஸ் என்ற ஓய்வுபெற்ற விமானப் பயிற்சியாளர் பண்டைய இந்திய விமானங்கள் பற்றி ஒரு கட்டுரை படித்தார். வேத கால விமானங்கள் கிரகம் விட்டுக் கிரகம் போகும், பின்பக்கமாகவும் பறக்கும் என்றார். ஆதாரமாகக் காட்டியது அதே வைமானிக சாஸ்திரம்தான். 1974இல் நம் நாட்டுப் பொறியாளர்களே அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிய அதே நூல், 41 வருடம் கழித்து மேடை ஏறியது. மறுப்பைப் படித்தவர் ஒருவரும் அந்தக் குழுவில் இல்லையா என்று அன்றைக்கு எனக்கு வருத்தமாகவே இருந்தது.

அடுத்த வருடம் சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இந்த மாநாட்டை ஒரு சர்க்கஸ் என்றார், இனி வரமாட்டேன் என்றும் சொன்னார். மேடை பெரியது என்பதால் சொன்னது உண்மை ஆகிவிடாது. பெரிய மேடையில் சொன்ன பொய்யை இறக்குவதற்குத்தான் அதிக நாள் ஆகும்.

இராவணன் விமானம்?

2019இல் ஜலந்தரில் நடந்த இதே அறிவியல் மாநாட்டில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நாகேஸ்வர ராவ், இராவணனிடம் 24 வகை விமானங்களும் இலங்கையில் பல விமான நிலையங்களும் இருந்தன என்றார். 2020இல் இலங்கை அரசின் சார்பிலேயே பத்திரிகை விளம்பரம் வந்தது: இராவணன் பற்றியும் தொலைந்த வான்வழிகள் பற்றியும் யாரிடமாவது ஆவணம் இருந்தால் கொடுங்கள் என்று.

இதற்கு நடுவில் 2019 ஜூனில், சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து இலங்கையின் முதல் சிறு செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் விடப்பட்டது. அதற்கு வைத்த பெயர் "இராவணா-1". எடை சுமார் ஒரு கிலோ. உயரம் சுமார் 400 கிலோமீட்டர். ஜப்பானில் படித்த இரண்டு இலங்கைப் பொறியாளர்கள் கட்டியது. இதன் பக்கத்தில் 24 வகை விமானத்தை வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ எடையுள்ள இந்தப் பெட்டிக்கு எடை தெரியும், பாதை தெரியும், அது அனுப்பிய செய்தியைத் தரையில் கேட்க முடிந்தது. இராவணன் பெயரை அதற்கு வைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். பெயர் வைப்பது ஒன்று, வரலாறு என்று சாதிப்பது வேறொன்று.

தமிழர்களுக்கு மட்டும் விதிவிலக்கா? "வலவன் ஏவா வான ஊர்தி" என்று புறநானூறே சொல்கிறதே?

விதிவிலக்கு கிடையாது. நம் பக்கத்தை முதலில் பெஞ்சில் ஏற்ற வேண்டும்.

புறநானூற்றின் 27ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. "வலவன் ஏவா வான ஊர்தி எய்துப என்ப" என்பது அந்த வரி. ஓட்டுநர் செலுத்தாத வான ஊர்தியை அடைவார்கள் என்று சொல்வார்கள். யார் அடைவது? புலவர் பாடும் புகழ் உடையவர்கள். எப்போது? தாம் செய்ய வேண்டிய வினைகளைச் செய்து முடித்த பிறகு. அதாவது வாழ்ந்து முடித்த பின் கிடைக்கும் வானுலகப் பேறு. இதை எடுத்துக்கொண்டு "தமிழன் டிரோன் விட்டான்" என்று படம் போட்டுப் பகிர்கிறார்கள்.

அந்த "என்ப" என்ற சொல்லைப் பாருங்கள். "என்று சொல்வார்கள்" என்று பொருள். நான் பார்த்தேன் என்று சாத்தனார் சொல்லவில்லை. கேட்டதைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்த நேர்மையை அப்படியே பாதுகாப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியில் ஏறி விசயை தப்பிப் போகிறாள், அது அவளைச் சுடுகாட்டில் இறக்குகிறது. அந்தக் கட்டத்தைப் படிக்கும்போது இன்னமும் எனக்குத் தொண்டை அடைக்கும். நிறைமாதக் கர்ப்பிணி, புருஷன் செத்துக்கொண்டிருக்கிறான், மரத்தில் செய்த மயில் ஒன்று அவளைத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்த மயில் பறக்க எத்தனை குதிரைசக்தி வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் இந்தக் கட்டமே போய்விடும். கதையை இயந்திர விளக்கமாக்கினால் கதைக்கும் நஷ்டம், இயந்திரமும் கிடைக்காது.

இன்னொன்று. தமிழில் விமானம் என்றால் கருவறைக்கு மேலே எழும் கட்டடம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஆயிரம் வருடமாக நம் கண் முன்னே நிற்கிறது. அதே கோயிலின் கல்வெட்டில், ராஜராஜன் கொடுத்த பொன்னை "ஆடவல்லான்" என்னும் எடைக்கல்லால் நிறுத்துக் குறித்திருக்கிறார்கள். சாமிக்குக் கொடுத்ததையே எடை போட்டுக் கல்லில் வெட்டிய ஊர் இது. நம் முன்னோர் பெருமையைப் பேச வேண்டுமென்றால் நான் அந்த எடைக்கல்லில் இருந்துதான் ஆரம்பிப்பேன்.

இந்து மதத்தை மட்டும் ஏன் பேசுகிறீர்கள்? மற்ற மதங்கள்?

நியாயமான கேள்வி. நிறுவன மதம் ஒரு வாக்குறுதியை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்ததில் தெளிவான உதாரணம் அமெரிக்கக் கிறிஸ்தவத்தில்தான் இருக்கிறது.

வில்லியம் மில்லர் நியூயார்க் மாநிலத்து விவசாயி, பாப்டிஸ்ட் போதகர். பைபிளின் தானியேல் ஆகமத்தில் வரும் 2300 நாட்களை 2300 வருடமாகக் கொண்டு கணக்குப் போட்டு, 1843 மார்ச்சுக்கும் 1844 மார்ச்சுக்கும் இடையில் இயேசு திரும்பி வருவார் என்றார். வரவில்லை. கணக்கைத் திருத்தி, 1844 அக்டோபர் 22 என்று கூட்டத்தில் இன்னொருவர் நாள் குறித்தார். பல்லாயிரம் பேர் நம்பினார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்கள் உண்டு. எப்படியும் உலகம் முடியப் போகிறது, அறுவடை யாருக்கு?

23ஆம் தேதி காலை வழக்கம்போல விடிந்தது. அந்த மனிதர்களின் அழுகையை நினைத்தால் எனக்கு ஏளனம் வருவதில்லை. வரலாற்றில் அதற்குப் பெயரே "பெரும் ஏமாற்றம்".

இனிதான் கவனிக்க வேண்டிய இடம். மறுநாளே ஹைரம் எட்சன் என்பவர் சோளக்காட்டு வழியே நடக்கும்போது அவருக்கு விளக்கம் கிடைத்தது. தேதி சரிதான், சம்பவமும் நடந்துவிட்டது, ஆனால் பூமியில் அல்ல, பரலோகத்து ஆலயத்தில். இந்த விளக்கம் நிலைத்தது. அந்தக் கூட்டத்தின் ஒரு பகுதி 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாக உருவெடுத்தது. அந்தச் சபை இன்றைக்குப் பள்ளியும் மருத்துவமனையும் நடத்துகிறது, நல்ல காரியங்கள் செய்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் "நடந்தது, யாரும் பார்க்க முடியாத இடத்தில் நடந்தது" என்று சொல்லிவிட்டால், உலகத்தில் எந்த கேஜை வைத்தும் அதைத் தவறு என்று காட்ட முடியாது. சரி என்றும் காட்ட முடியாது. "அந்த விமான ரகசியம் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும் விளங்கும்" என்கிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

சாமியார்கள் காற்றிலிருந்து விபூதி வரவழைக்கிறார்களே, அதை நானே கண்ணால் பார்த்தேன்.

பார்த்திருப்பீர்கள். விபூதியைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து சின்ன உருண்டையாக உருட்டிக் காயவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் இடுக்கிக்கொண்டால் உள்ளங்கையை விரித்துக் காட்டலாம். கையை ஒரு சுற்றுச் சுற்றி விரலால் நசுக்கினால் பொலபொலவென்று கொட்டும். நான் மூன்று நாள் பழகி என் அம்மாவுக்குச் செய்து காட்டினேன். அம்மா விபூதியை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு, "உருண்டை பிடிச்சாலும் திருநீறு திருநீறுதாண்டா" என்றார். அந்தப் பதிலுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அம்மா ஒருநாளும் அற்புதத்தைக் காட்டி யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

இந்த வித்தைகளை ஊர் ஊராகப் போய் வெளிப்படையாகச் செய்து காட்டியவர் பி. பிரேமானந்த். எங்கள் போத்தனூரில் இருந்தவர், 2009இல் காலமானார். அவருக்கு வழிகாட்டி ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, பிறகு கொழும்பில் வாழ்ந்தவர். ஏமாற்ற வழியில்லாத சூழலில் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டினால் ஒரு லட்சம் இலங்கை ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் வாங்கவில்லை.

சரி, அது பழைய காலம். இன்றைய பறக்கும் கார்களில் அறிவியல் இருக்கிறதே, அதை ஏன் சந்தேகப்படுகிறீர்கள்?

அறிவியல் இருக்கிறது. அதைச் சுற்றிச் சொல்லப்படும் தேதிகளைத்தான் சந்தேகப்படுகிறேன்.

கலிபோர்னியாவில் பால் மோலர் என்ற பொறியாளர் 1960களிலிருந்து பறக்கும் கார் முயற்சியில் இருந்தார். அவருடைய "ஸ்கைகார் எம்400" சிவப்பு நிறத்தில் பார்க்க அவ்வளவு அழகு. நாலு பேர் உட்காரலாம், நாலு பக்கமும் விசிறிக்கூடு. பத்திரிகை அட்டைகளில் அது பறந்துகொண்டே இருந்தது. வெளியில் அது எழும்பியது, பாதுகாப்புக்காகக் கிரேனில் கயிறு கட்டிய நிலையில். கயிறு இல்லாமல் ஆளை ஏற்றிக்கொண்டு ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு அது போனதே இல்லை. ஆனால் பங்கு வாங்க வந்தவர்களிடம், 2002 முடிவதற்குள் ஆயிரக்கணக்கில் விற்பனை ஆகும் என்ற கணக்கு காட்டப்பட்டது. 2003இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குத் தொடுத்தது. தவறான தகவல்களைச் சொல்லிப் பதிவு செய்யாத பங்குகளை விற்றதாகக் குற்றச்சாட்டு. குற்றத்தை ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்ற முறையில் 50,000 டாலர் அபராதத்தோடு வழக்கு முடிந்தது. 2009இல் மோலர் திவால் மனு கொடுத்தார்.

அவரை நான் வெறும் ஏமாற்றுக்காரராகப் பார்க்கவில்லை. தன் சொந்த வாழ்க்கையையே அதில் கொட்டியவர். மில்லரும் அப்படித்தான். நேர்மையான நம்பிக்கை இருந்தாலும் பயிர் அறுக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது.

இன்னொரு பாடம் சான்றிதழ்களைப் படிப்பது. 2023இல் அலெஃப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பறக்கும் காருக்கு "அரசு அனுமதி" என்று செய்தி வந்தது. விலை 3 லட்சம் டாலர், 150 டாலர் கட்டினால் முன்பதிவு. கிடைத்தது என்ன? குறிப்பிட்ட இடங்களில், சோதனைக்கும் காட்சிக்கும் மட்டும் பறக்கவிடும் சிறப்புச் சான்றிதழ். மக்களுக்கு விற்கத் தகுதியானது என்ற சான்றிதழ் வேறு. தலைப்பில் இரண்டும் ஒன்றாகிவிட்டது.

ஹெலிகாப்டர் பறக்கிறது, கார் ஏன் பறக்காது?

பம்பை வைத்துச் சொல்கிறேன், எனக்கு அதுதான் வரும். அதிக நீரை மெதுவாகத் தள்ளலாம், அல்லது குறைந்த நீரை வேகமாகப் பீய்ச்சலாம். ஒரே தள்ளுவிசை வேண்டுமென்றால் இரண்டாவது வழி கரண்டைக் குடிக்கும். காற்றிலும் இதே கதை. ஹெலிகாப்டரின் நீண்ட இறக்கை ஏராளமான காற்றை மெதுவாகக் கீழே தள்ளுகிறது.

கணக்கு இது. ஆயிரம் கிலோ எடையை அந்தரத்தில் சும்மா நிறுத்த, 10 மீட்டர் விட்டமுள்ள சுழலி இருந்தால், எந்த இழப்பும் இல்லாத இலட்சியக் கணக்கில் 70 கிலோவாட் போதும். அது நம்மூர் கார் எஞ்சின் அளவுதான். ஆனால் 10 மீட்டர் சுழலியோடு அவிநாசி ரோட்டில் போக முடியாது. கார் அளவுக்குள் அடங்கும்படி மொத்தம் 4 சதுர மீட்டர் விசிறி வைத்தால் அதே எடைக்கு 310 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். நாலு மடங்குக்கும் அதிகம், அதுவும் காகிதத்தில். அதற்கான எஞ்சினோ பேட்டரியோ வைத்தால் எடை கூடும். எடை கூடினால் சக்தி இன்னும் கூடும். சத்தத்தைப் பற்றி நான் பேசவே ஆரம்பிக்கவில்லை.

அப்படியென்றால் எல்லாமே பொய்யா?

இல்லவே இல்லை. மோல்டன் டெய்லர் என்ற அமெரிக்கர் 1949இலேயே ஏரோகார் என்ற ஒன்றைப் பறக்கவிட்டார், 1956இல் அதற்கு முறையான சான்றிதழும் வாங்கினார். விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செய்தார், ஆனால் அவை ஓடின, பறந்தன. 2021 ஜூன் 28 அன்று ஸ்லோவாக்கியாவில் ஸ்டெஃபான் கிளைன் தன் ஏர்காரை நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் ஓட்டி, இல்லை, பறந்து போனார். இறங்கியதும் இறக்கையை மடக்கிக்கொண்டு ரோட்டில் போனார். அதற்கு ஓடுதளம் வேண்டும், பைலட் உரிமம் வேண்டும். வீட்டு மாடியிலிருந்து ஆபீசுக்குத் தாவும் கனவு அது இல்லை.

மின்சார ஏர் டாக்சிகளும் வருகின்றன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பயணிகளை ஏற்றுவோம் என்று சொன்ன ஜெர்மனியின் வோலோகாப்டருக்கு அதற்குள் சான்றிதழ் கிடைக்கவில்லை, அந்த வருடக் கடைசியில் திவால் மனு கொடுத்தது. சென்னை ஐஐடியில் பிறந்த இபிளேன் நிறுவனம் இன்றைக்கு இதே துறையில் உழைத்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். பயணியோடு எவ்வளவு தூரம், எத்தனை கிலோ, எத்தனை தடவை என்று அவர்கள் சொல்லும் நாளில் நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

நீங்கள் நாத்திகரா?

ஆமாம். ஆனால் மருதமலைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். படியேறும்போது அவர் கையைப் பிடித்துக்கொள்வேன்.

கேள்வி கேட்பதால் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டத்துக்காக வாதாடிய நரேந்திர தபோல்கரை 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொன்றார்கள். அவர் கேட்ட சட்டம் அவர் செத்த பிறகுதான் மகாராஷ்டிராவில் வந்தது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று நம் அரசியலமைப்பின் 51ஏ பிரிவு சொல்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து "வேத காலத்தில் விமானம் இருந்ததாமே" என்றால் என்ன சொல்வது?

"இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். அது இன்னொரு சாமியார் வேலை. என் அண்ணன் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது இதைத்தான் கேட்டாள். ருக்ம விமானத்தின் படத்தை எங்கேயோ பார்த்திருந்தாள். சரி, செய்து பார்ப்போம் என்றேன்.

சமையலறையில் இருந்த டிஜிட்டல் தராசை எடுத்து, அதன் மேல் சின்ன யூஎஸ்பி ஃபேனை முகம் மேலே பார்க்கும்படி வைத்தோம். நிறுத்திய நிலையில் 238 கிராம். சுவிட்சைப் போட்டதும் 249 காட்டியது. காற்றை மேலே தள்ளுவதால் ஃபேன் தராசைக் கீழே அழுத்துகிறது. ஃபேனைத் தலைகீழாகத் திருப்பிப் பறக்கவிட்டால் அதே 11 கிராம்தான் அதைத் தூக்கும். நோட்டில் எழுதினாள்: எடை 238, தள்ளுவது 11.

"அப்போ இது எப்பப் பறக்கும், சித்தப்பா?"

"தள்ளுறது எடையைத் தாண்டணும்."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். "இருபத்திரண்டு ஃபேன் கட்டினா?"

"கட்டலாம். இருபத்திரண்டு ஃபேனோட எடை எவ்வளவு?"

பென்சிலைக் கடித்துக்கொண்டு தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.